வாசலுக்கு வந்த கடுவன்: பூனை வளர்ப்பும் அமானத்தும்

முத்துக்குளித்துறை என்று பண்டுதொட்டு வழங்கப்பெறும் தூத்துக்குடிக் கடற்கரையின் தென்பகுதியில் பெரியதாழை என்னும் மீனவர் ஊர் உள்ளது. வள்ளங்கள் கரையேறி மீன் ஏலம் போடப்படும் எல்லா ஊர்களையும் போலவே இங்கும் ஆளற்ற பூனைகளுக்குக் குறைவில்லை. கழித்தெறியப்படும் பொடிமீனும் செவுளும் குடலும் அவற்றின் அன்றாட உணவு. கடல் சீறி வள்ளங்கள் இறங்காத நாள்களில் அவ்வுணவு நின்றுபோகிறது. அப்போது அவை வீட்டு வாசல்களை நாடுகின்றன. பெரியதாழையிலும் மணப்பாட்டிலும் அவ்வாசல் ஒரு கத்தோலிக்கப் பரதவர் குடும்பத்தினுடையதாக இருக்கலாம். வடக்கே காயல்பட்டினத்தில் ஒரு முஸ்லிம் குடும்பத்தினுடையதாக இருக்கலாம். பூனைக்கு அவ்வேறுபாடு தெரியாது.

அவ்வாறு வருவனவற்றுள் பெட்டையும் குட்டியும் எளிதில் இரக்கத்தைப் பெற்றுவிடுகின்றன. முகம் பருத்து, காது கிழிந்து, உடலெங்கும் சண்டைத் தழும்பு சுமந்து வரும் கடுவன் பூனைக்கோ பெரும்பாலும் கல்லும் கம்புமே கிடைக்கின்றன. அத்தகைய கடுவனை வீட்டோடு சேர்த்து, தெருவுக்குச் செல்லாமல் உள்ளேயே வாழப் பழக்குவது இயலுமா? இயலுமெனில் அது முறையா? இவ்விரு வினாக்களையும் மார்க்க நூல்களின் துணையுடனும் விலங்கு மருத்துவத்தின் துணையுடனும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுற்றி வருவோருள் ஒன்று

பூனையைப் பற்றிய இஸ்லாமியக் கண்ணோட்டத்திற்கு அடிப்படையாக அமைவது நபித்தோழர் அபூ கதாதா (ரலி) அவர்களின் இல்லத்தில் நிகழ்ந்த ஒரு செய்தியாகும். அவருடைய மருமகளான கப்ஷா அவர்கள் ஒளுச் செய்வதற்குத் தண்ணீர் எடுத்து வைத்தபோது பூனை ஒன்று குடிக்க வந்தது. அபூ கதாதா (ரலி) அதனை விரட்டவில்லை. அது வசதியாகக் குடிக்கும் பொருட்டுப் பாத்திரத்தையே சாய்த்துப் பிடித்தார்கள். மருமகள் வியந்து நோக்கியதைக் கண்டு, பூனை அசுத்தமானதன்று என்றும், அது நம்மைச் சுற்றி வருவோரைச் சேர்ந்தது என்றும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை எடுத்துரைத்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவிலும், அபூதாவூத், திர்மிதீ, நஸாயீ, இப்னு மாஜா ஆகியோரின் தொகுப்புகளிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

சுற்றி வருவோர் என்னும் இச்சொல் கருதத்தக்கது. திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயத்தில், வீட்டிற்குள் இடையறாது போய்வரும் பணியாளரும் சிறுவரும் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று சலுகை அளிக்கப்படும் இடத்தில் இதே சொல்லே ஆளப்பட்டுள்ளது. எனவே, பூனை புறத்தே நிற்கும் விலங்காக அன்றி, இல்லத்தாருள் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது என்று அறிஞர்கள் விளக்குவர்.

இரண்டாவது செய்தி கடுமையானது. ஒரு பூனையை அடைத்துவைத்து, அதற்கு உணவும் கொடாமல், பூமியிலுள்ள சிற்றுயிர்களை அதுவே தேடித் தின்னும்படி விடவும் செய்யாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள் என்பது அச்செய்தி. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது பதிவாகியுள்ளது. பூனையை அடைத்துவைத்தது மட்டும் இங்குக் குற்றமாகக் கூறப்படவில்லை. உணவளித்தல், விடுவித்தல் என்னும் இரண்டில் ஒன்றையும் செய்யாமையே குற்றமாகிறது. உணவும் நீரும் குறைவற அளிப்பவர் பூனையை வைத்துக்கொள்ளலாம் என்று இச்செய்தியிலிருந்து பெறப்படும் கருத்தை இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் பாரியில் காணலாம்.

நமது தலைப்புக்கு உரைகல் இதுவே. கதவைத் திறந்து வைத்திருக்கும்வரை கடுவனின் பசிக்கும் நோய்க்கும் முழுப் பொறுப்பு நம்முடையதன்று. கதவைச் சாத்திய நொடியில், அக்கதவுக்கு அப்பால் அது தானே தேடிக்கொண்டிருந்த அனைத்திற்கும் நாமே பொறுப்பாளர் ஆகிறோம். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் ஆகிறது.

இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. நபி (ஸல்) அவர்களிடம் முஅஸ்ஸா என்னும் பூனை இருந்ததாகவும், அது உறங்கிய சட்டைக் கையை அவர்கள் வெட்டிவிட்டு எழுந்ததாகவும் பரவலாகக் கூறப்படும் கதைக்கு ஹதீஸ் தொகுப்புகளில் ஆதாரம் இல்லை. இதனை ஒத்த நிகழ்ச்சி ஹிஜ்ரி 578இல் மறைந்த ஷைகு அஹ்மத் ரிஃபாயீ (ரஹ்) அவர்களைப் பற்றியே கூறப்படுகிறது. ஆதாரமற்ற கதை நமக்குத் தேவையுமில்லை. அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் ஆடு மேய்த்த காலத்தில் ஒரு பூனைக்குட்டியை இரவில் மரத்தில் வைத்துவிட்டுப் பகலில் உடன்கொண்டு சென்று விளையாடியதும், அதனாலேயே அப்பெயர் பெற்றதும் திர்மிதீயில் அவர்கள் வாயிலாகவே அறிவிக்கப்பட்டுள்ளன.

துறைமுகங்களின் பழந்தோழன்

தெருப் பூனையைப் பேணுதல் இக்காலத்து நாகரிகம் என்று எண்ணுவோர் உளர். கடல் வணிகத்தின் வரலாறு வேறு கூறுகிறது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழ்ந்த காட்டுப் பூனையின் வழிவந்ததே இன்றைய வீட்டுப் பூனை. தானியத்தையும் கயிற்றையும் எலியிடமிருந்து காப்பதற்காக மாலுமிகள் அதனைக் கப்பல்களில் ஏற்றிச் சென்றனர். அவ்வழியே அது உலகத் துறைமுகங்கள் பலவற்றில் குடியேறியது.

செங்கடற் கரையில் எகிப்து நாட்டிலுள்ள பெரனிகே என்னும் பழந்துறைமுகம் இதற்குச் சிறந்த சான்று. தமிழகத்துடன் நேரடி வணிகம் நடத்திய அவ்வூரில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும், இந்தியப் பானையில் சேமிக்கப்பட்ட மிளகும் கிடைத்துள்ளன. நம் கரையின் கொற்கை முத்துக்குப் பெயர் பெற்றிருந்த காலமும் அதுவே. கி.பி. 1, 2ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்கு இடுகாடு ஒன்று அங்கே அகழப்பட்டு, 585 விலங்குகளின் எலும்புகள் ஆராயப்பட்டன. 2021இல் வெளியான அவ்வாய்வின்படி அவற்றுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை பூனைகள். சிலவற்றின் கழுத்தில் இரும்பு வளையமும் மணிகளும் இருந்தன. பல்லிழந்த முதிய விலங்குகளும் அங்கே காணப்பட்டன. தாமே இரை தேட இயலாத அவ்வுயிர்களுக்கு யாரோ உணவளித்திருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர் முடிவு. வறண்ட பாலைத் துறைமுகத்தில், எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொணர வேண்டிய நிலையிலும், மனிதர் தம் உணவில் ஒரு பங்கைப் பூனைக்கு ஒதுக்கியுள்ளனர்.

கடுவனின் இயல்பு

கடுவனை வீட்டில் சேர்ப்பதற்கு முன் அதன் இயல்பை அறிதல் வேண்டும். பருவமெய்திய கடுவனின் உடலில் ஆண்மைச் சுரப்பு மிகுவதால் கன்னங்கள் புடைக்கின்றன; கழுத்துத் தோல் தடிக்கிறது; சிறுநீர் கடும் வாடை பெறுகிறது. தன் எல்லையை அறிவிக்கும் பொருட்டு அது வாலை உயர்த்தி நின்று சுவரிலும் தூணிலும் சிறுநீரைப் பீய்ச்சுகிறது. பெட்டையைத் தேடி நெடுந்தொலைவு அலைகிறது. பிற கடுவன்களோடு பொருதுகிறது. அச்சண்டையின் கடிகளால் சீழ்க்கட்டியும், எதிர்ப்பாற்றலை அழிக்கும் நச்சுயிரித் தொற்றும் நேர்கின்றன.

மற்றொரு வேறுபாடும் உண்டு. மனிதரோடு முன்பு வாழ்ந்து கைவிடப்பட்ட பூனை வேறு. பிறந்தது முதல் மனிதக் கையே படாத பூனை வேறு. பூனைக்குட்டி மனிதரை நம்பக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரையிலான குறுகிய காலத்தில்தான். அக்காலத்தில் மனிதரை அறியாத கடுவன், வளர்ந்தபின் வீட்டிற்குள் அமைதி காண்பது அரிது. வாசலில் வந்து குரல் கொடுப்பதும், வாலை நிமிர்த்தி அருகில் வருவதும், கண்ணோடு கண் நோக்குவதும் முன்னதன் அடையாளங்கள். ஓசையின்றி இருளில் மட்டும் வந்து, மனித நிழல் கண்டதும் மறைவது பின்னதன் அடையாளம்.

அணுகும் முறை

முதற்கண் அது பிறருடைய பூனையா என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்தல் கடமையாகும். மீனவர் தெருக்களில் ஒரே பூனையை நான்கு வீடுகள் நான்கு பெயரிட்டு உண்பிப்பதுண்டு. பிறர் பொருளை அறியாமல் எடுத்துக்கொள்வதும் தவறேயாம்.

அதன்பின் நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்தல் வேண்டும். வைத்தவர் சற்றுத் தொலைவில் தரையில் அமர்ந்திருத்தல் நலம். உற்று நோக்குதல் பூனைக்கு மிரட்டல். கண்களை மெல்ல மூடித் திறத்தல் நட்பு. சில நாள்களுக்கு ஒருமுறை தட்டைச் சிறிது சிறிதாக வாசற்படிக்கும், பின்னர் உள்ளேயும் நகர்த்தலாம். மூடியுள்ள கூடை ஒன்றைத் திறந்தபடி வைத்து அதனுள் உணவிட்டு வந்தால், மருத்துவரிடம் கொண்டு செல்லும் நாளில் கடுவன் தானே அதனுள் புகும். கையால் பற்ற முயல்வது பெருந்தவறு. பூனையின் கூரிய பல் தசைக்குள் ஆழமாக இறங்கும். கடியோ கீறலோ பட்டால் வழலையும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று வெறிநோய்த் தடுப்பூசி குறித்துக் கேட்டல் வேண்டும். வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று.

மருத்துவமும் விதைநீக்கமும்

வீட்டிலுள்ள மற்ற உயிர்களோடு பழக விடுமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் இன்றியமையாதது. குடற்புழு நீக்கம், தெள்ளுப் பூச்சி நீக்கம், வெறிநோய்க்கும் பூனைகளுக்கு வரும் கொள்ளை நோய்களுக்குமான தடுப்பூசிகள் ஆகியன முதற் கடமைகள். நம் பகுதியில் அரசுக் கால்நடை மருந்தகங்கள் உள்ளன. 2012இல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலிக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது.

இனி, வாசகர் பலரும் தயங்கும் வினாவுக்கு வருவோம். கடுவனுக்கு விதைநீக்கம் செய்யலாமா? இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைத்தல் கூடாது. நம் கரையோர முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், உண்ணப்படாத விலங்குகளுக்குக் காயடித்தல் தடுக்கப்பட்டது என்று எழுதியுள்ளார்கள். ஹனஃபீ மத்ஹபின் நிலை வேறு. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் தொகுக்கப்பெற்ற ஃபதாவா ஆலம்கீரி பூனையைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டு, அதனால் நன்மை விளையுமாயின் அல்லது தீங்கு விலகுமாயின் காயடிப்பதில் குற்றமில்லை என்று கூறுகிறது. இக்கால அறிஞர் பலர் இக்கருத்தை ஏற்றுள்ளனர்.

முற்காலத்தில் காயடித்தல் என்பது உணர்வு மழுங்கச் செய்யாமல், விதையை நசுக்கியோ அறுத்தோ செய்யப்பட்ட துன்பம் மிகுந்த செயல் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். இன்று மயக்க மருந்து கொடுத்து, சில நிமிடங்களில் முடியும் அறுவையாக அது மாறியுள்ளது. மறுபக்கத்தில், இயற்கை உந்துதலோடு ஒரு கடுவனைச் சாத்திய அறைக்குள் வைத்தல் அதற்குத் தீராத வேதனை. அது இரவெல்லாம் கதறும், கதவைப் பிறாண்டும், எங்கும் சிறுநீர் பீய்ச்சும். வளர்ந்த கடுவன்களை ஆராய்ந்து 1973இல் வெளியான ஓர் ஆய்வு, அறுவைக்குப் பின் பத்தில் எட்டு அல்லது ஒன்பது கடுவன்களில் அலைதலும் சண்டையும் பீய்ச்சுதலும் நீங்கின அல்லது பெரிதும் குறைந்தன என்று கண்டது. இம்மாற்றம் ஒரே நாளில் நிகழாது. சுரப்பு வடியச் சில வாரங்கள் ஆகும். எத்துன்பம் பெரிது என்பதைச் சீர்தூக்கி, தாம் நம்பும் ஆலிமிடமும் மருத்துவரிடமும் கேட்டு முடிவு செய்வதே வளர்ப்பவர்க்கு உரிய வழி. அறுவை வேண்டா என்று முடிவு செய்பவர், கடுவனை அடைத்துவைக்கவும் வேண்டா என்றே நாம் கருதுகிறோம்.

குடியமர்த்தல்

வீடு முழுவதையும் முதல் நாளே திறந்துவிடுதல் கடுவனைத் திகைக்கச் செய்யும். ஓர் அறையில் தொடங்க வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி, படுக்க ஓர் ஓலைப்பெட்டி அல்லது பழந்துணி, ஒரு மூலையில் உணவும் நீரும், எதிர்மூலையில் மணல் தட்டு ஆகியவை போதும். உண்ணும் இடத்தருகே பூனை மலங்கழிப்பதில்லை. ஓரிரு வாரத்தில் அது ஒளிவிடத்திலிருந்து தானே வெளிவந்து, ஆளிருக்கும்போதே உண்ணத் தொடங்கும். அதன்பின் அறை அறையாகத் திறக்கலாம்.

மணலுக்கு நம் கரையில் பஞ்சமில்லை. கடல் மணலாயின் உப்பு நீங்க நன்னீரில் அலசி வெயிலில் காயவைத்தல் நன்று. தட்டில் நான்கு விரற்கடை ஆழம் இருக்கட்டும். நாள்தோறும் கழிவை அகற்ற வேண்டும். பூனை மலத்தின் வழியே பரவக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, வெளிப்பட்டு ஒருநாளேனும் கழிந்த பின்பே தொற்றும் தன்மை அடைகிறது. ஆதலால் அன்றாடத் தூய்மையே பாதுகாப்பு. கருவுற்ற பெண்கள் இப்பணியைப் பிறரிடம் விடுதல் வேண்டும்.

தெருவில் கடுவனுக்கு ஏறுவதற்கு மதில் இருந்தது; பிறாண்டுவதற்கு மரம் இருந்தது; துரத்துவதற்கு எலி இருந்தது. அம்மூன்றையும் வீட்டிற்குள் ஈடுசெய்தல் அமானத்தின் பகுதியாகும். வெளியை நோக்கிய, கம்பிவலை அடித்த சன்னலோரத்தில் உயரமான பலகை ஒன்று. தும்புக் கயிறு சுற்றிய கட்டை அல்லது பனந்துண்டு ஒன்று. மாலையில் கயிற்று நுனியில் இறகைக் கட்டி விளையாட்டுக் காட்டக் கால்மணி நேரம் என்பன போதும். பூனை விடியலிலும் அந்தியிலும் விழிப்பு மிகும் உயிர். படுக்குமுன் விளையாட்டும், அதன் முடிவில் உணவும் தந்தால் இரவுக் கதறல் தணியும்.

உணவு

மீன் கிடைக்கும் ஊரில் பூனைக்கு உணவு பற்றிய கவலை ஏன் என்று கேட்கலாம். பச்சை மீனை நாள்தோறும் மட்டுமே இட்டு வளர்த்தால் தீங்கு உண்டு. சிலவகை மீன்களில் உள்ள நொதி, பி1 என்னும் உயிர்ச்சத்தை அழிக்கிறது. அக்குறைபாட்டால் பூனை தலை கவிழ்ந்து தள்ளாடும். கவனியாது விட்டால் இறக்கும். வேகவைத்தால் அந்நொதி அழிந்துபோகும். ஆகவே முள் நீக்கி, உப்பும் மிளகாயும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் அவித்த மீனோடு, கோழியிறைச்சியும் ஈரலில் சிறு அளவும் மாறி மாறித் தரலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் குருதியணுக்களைச் சிதைப்பவை. கருவாட்டில் உப்பு மிகுதி. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை. காய்ச்சல் மாத்திரையான பாரசிட்டமால் ஒரு துண்டும் பூனையைக் கொல்லும்.

வீட்டிற்குள் வாழும் கடுவனுக்கு நீர் மிகவும் தேவை. ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் குறுகலாதலால் அது எளிதில் அடைபடும். மணல் தட்டில் அமர்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையெனில் மறுநாள்வரை பொறுத்தல் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போகும்.

தூய்மை

தொழுகை நடைபெறும் இல்லத்தில் பூனை இருப்பது பற்றிய ஐயம் இயல்பானது. ஷாஃபிஈ மத்ஹபின்படி பூனையின் உடலும் உமிழ்நீரும் தூய்மையானவை. அது வாய்வைத்த நீரில் ஒளுச் செய்யலாம். பூனை உண்ட இடத்திலிருந்தே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் உணவுண்டதாக அபூதாவூதில் செய்தி உள்ளது. சிறுநீரும் மலமும் நஜீஸ். அவை பட்ட இடத்தை நிறமும் மணமும் சுவையும் நீங்கும்வரை தண்ணீரால் கழுவ வேண்டும். உயிருள்ள பூனையிலிருந்து உதிரும் முடி நஜீஸாகக் கருதப்படினும், சிறிதளவு மன்னிக்கப்பட்டுள்ளது. தொழுகை விரிப்பைச் சுருட்டி உயரத்தில் வைப்பது எளிய தீர்வு. சிறுநீர் பட்ட இடத்தை அமோனியா கலந்த பொருளால் துடைத்தல் கூடாது. அவ்வாடை சிறுநீர் வாடையை ஒத்திருப்பதால் கடுவன் அங்கேயே மீண்டும் பீய்ச்சும்.

இணங்காத கடுவன்

இவ்வளவும் செய்த பின்னும் சில கடுவன்கள் இணங்குவதில்லை. வாரங்கள் பல கடந்தும் உண்ண மறுத்து, மூலையில் ஒடுங்கி, கதவிலும் சன்னலிலும் மோதிக் காயப்படும் உயிரை மேலும் அடைத்துவைத்தல் அன்பு ஆகாது. அங்கே ஹதீஸ் காட்டும் இரண்டாவது வழி திறந்திருக்கிறது. தடுப்பூசி இட்டு, உடல்நலம் தேற்றி, அது எத்தெருவிலிருந்து வந்ததோ அத்தெருவிலேயே விட்டு, வாசலில் உணவை மட்டும் தொடர்ந்து வைக்கலாம். இது தோல்வியன்று, அந்த உயிருக்கு உரியதை அறிந்து கொடுத்தலேயாகும்.

ஆனால், விடுவித்தல் வேறு, எறிதல் வேறு. பூனையைச் சாக்கில் கட்டி ஆற்றுக்கு அப்பாலோ அயலூர்ச் சந்தையிலோ விட்டுவரும் வழக்கம் நம்மிடையே உண்டு. தனக்குரிய எல்லையை இழந்த கடுவன், அங்குள்ள கடுவன்களின் தாக்குதலுக்கும் பசிக்கும் இரையாகிறது. வளர்த்த விலங்கைப் பட்டினியில் வாடும்படி கைவிடுதல் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமாகும். அடைத்துவைத்துப் பட்டினியிட்ட பெண்ணின் செயலுக்கும், தொலைவில் எறிந்து பட்டினியிடும் செயலுக்கும் இடையே தொலைவு அதிகமில்லை.

ஒரு கடுவனை வீட்டோடு சேர்ப்பது நாள்தோறும் ஒரு தட்டு உணவு, ஒரு கிண்ணம் நீர், ஒரு தட்டு மணல், சிறிது பொறுமை ஆகியவற்றால் ஆவது. பூனை பதினைந்து ஆண்டுகளும் வாழக்கூடும். அக்காலம் முழுவதும் இப்பணி தொடரும். பயணம் போகும் நாள்களில் யார் பார்ப்பார், முதுமையில் அதன் மருந்துச் செலவை யார் ஏற்பார் என்பவற்றைக் கதவைச் சாத்துமுன்பே வீட்டார் கூடி முடிவு செய்துகொள்வது நல்லது. அவ்வாறு முடிவு செய்த வீட்டில் கடுவனுக்கு இடமுண்டு. முடிவு செய்ய இயலாத வீட்டிலும் வாசலில் ஒரு தட்டுக்கு இடமுண்டு.